சீதோஷ்ணத்தின் தயவில்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் செல்லும் பஸ், அத்திமூரைத் தாண்டி மலைச்சாலையில் ஏறத் தொடங்குவதற்கு முன்னால், இரு மருங்கிலும் செம்மண் கொல்லைகளை விரித்துக் காட்டிக்கொண்டே போகிறது. சித்திரை மாதக் கடைசியில், முதல் கோடைமழை பெய்து மண் இன்னும் முழுதும் காய்ந்துவிடாத சமயத்தில், நான் அந்த வழியாகப் பிரயாணம் செய்தேன். ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பீமன் அருவியைப் பார்க்கவும், கோலப்பன் ஏரிக்கரையில் உலாவவும், காவலூர்த் தொலைநோக்கியைத் தரிசிக்கவும் போகிறார்கள். மலைத்தேனும் சாமை அரிசியும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். எனக்கும் அவற்றில் ஆசை இல்லாமல் இல்லை. ஆயினும் என்னை அந்தப் பக்கம் இழுத்தது வேறொரு விசாரம். பயிரைத் தின்னும் வண்டுகளுக்கு நோய் உண்டாக்கும் பூஞ்சைகளையும் கிருமிகளையும் பொடியாக்கிப் பொட்டலத்தில் விற்கிறார்களே, அந்தப் பொடி ஒருவர் கொல்லையில் அற்புதம் செய்வதும், பக்கத்துக் கொல்லையில் அடுப்புச் சாம்பலுக்கு மேல் ஒரு பிரயோஜனமும் தராமற்போவதும் ஏன் என்பதே அது. ரசாயன மருந்தை வாங்குகிறவன் விஷத்தை வாங்குகிறான். இந்தப் பொட்டலத்தை வாங்குகிறவனோ ஓர் உயிரை வாங்குகிறான். உயிர் என்று வந்துவிட்டால் வெயிலும் மழையும் அதற்கு ஒரு பொருட்டாகாமல் இருக்குமா? அடிவாரத்தின் உஷ்ணம், மேலே மலைநாட்டின் குளிர்ச்சி, மறுபுறம் இறங்கினால் தென்னந்தோப்புகளின் நிழல் என்று பலவகைச் சீதோஷ்ணத்தையும் ஒரே சாலையில் பார்த்துவிடலாம் என்பதால் இந்த மலையைத் தேர்ந்துகொண்டேன்.

அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் மணிலா என்னும் நிலக்கடலைப் பயிர் வைக்கிறார். பகலில் வந்து பயனில்லை, விளக்கு வைக்கும் வேளைக்கு வந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். கொல்லைக்கு ஓரமாக நிற்கும் பெரிய வேப்பமரத்தடியில் தார்ப்பாய் ஒன்றை விரித்து, ஒரு வாளித் தண்ணீரில் மண்ணெண்ணெயை ஊற்றிக் கலக்கி வைத்துவிட்டு, துறட்டுக்கோலுடன் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க தம்பி, நேரத்துக்குத்தான் வந்தீங்க. மழை பேஞ்சா மனுசனுக்குச் சந்தோசம், மல்லாட்டைக்குப் பயம். செத்த நேரம் சும்மா உக்காந்து பாருங்க.”

இருள் கவியக் கவிய, காலடி மண்ணிலிருந்தே ஒரு ரீங்காரம் கிளம்பிற்று. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பழுப்பு வண்டுகள் ஈரமண்ணைக் கீறிக்கொண்டு வெளிவந்து, ஒரு கணம் தடுமாறி, பிறகு நேரே வேப்பமரத்துக்குப் பறந்தன. கால் மணி நேரத்துக்குள் கிளையெல்லாம் வண்டாகி, இலை அரிபடும் ஓசை தெளிவாகக் காதில் விழுந்தது. பெரியவர் எழுந்து கோலால் கிளையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். தார்ப்பாயின்மேல் பொலபொலவென்று கொட்டியவற்றை இரு கையாலும் அள்ளி வாளியில் போட்டார். சில வண்டுகள் இணை பிரியாமலே விழுந்திருந்தன.

ஹோலோட்ரைக்கியா செர்ரேட்டா என்று சாஸ்திரத்தில் பெயர் பெற்ற இந்த வண்டின் ஜீவிய சரித்திரம் மழையோடு பின்னிக்கிடப்பது. மண்ணுக்குள் உறங்கிக் கிடந்துவிட்டு, கோடையின் முதல் நல்ல மழை நிலத்தை நனைத்ததும் அந்தியில் மேலெழுந்து, வேம்பு, வேலம் முதலிய மரங்களில் கூடி, இரவெல்லாம் இலை தின்று, விடியுமுன் மறுபடி மண்ணுக்குள் இறங்கி முட்டையிடுகிறது. அந்த முட்டையிலிருந்து வரும், உடல் வளைந்த, தலை மட்டும் பழுப்பான வெள்ளை வேர்ப்புழுதான், பிறகு விதைக்கப்படும் மணிலாவின் வேரையும், கரும்பின் வேரையும், கேழ்வரகின் வேரையும் மாதக்கணக்கில் அரித்துக் கொழுக்கிறது. வாடிய செடியைப் பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்துவிடும். அதற்குப்பின் அந்தச் செடிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

வாளி நிறைந்தபின் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பூஞ்சைப் பொடியைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அதன்மேல் கோபமும் இருந்தது, விட மனமில்லாத ஒரு மதிப்பும் இருந்தது.

“முந்தின வருசம் போட்டேன் தம்பி, தோண்டின எடமெல்லாம் புழு பச்சை பூத்துச் செத்துக் கெடந்துச்சு. போன வருசமும் அதே பொடி, அதே கொல்லை. ஒரு புழு சாவலை.”

இன்னும் துருவிக் கேட்டபோது விஷயம் துலங்கிற்று. முதல் வருஷம் பொடியை மக்கிய சாணி எருவோடு கலந்து, கொட்டகை நிழலில் குவித்து, காயாமல் தண்ணீர் தெளித்துவந்து, மழை பெய்து உழவு ஓட்டும் பதம் வந்தபோது நிலத்தில் இட்டு உடனே மூடியிருக்கிறார். இரண்டாம் வருஷம், மழை இன்றோ நாளையோ என்ற நம்பிக்கையில் காய்ந்த புழுதியிலேயே தூவிவிட்டார். மழை வாரக்கணக்கில் பொய்த்துவிட்டது.

இந்தப் பூஞ்சைக்கு மெட்டாரைசியம் என்று பெயர். அதன் வித்து கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள். வாயும் இல்லை, காலும் இல்லை. புழுவின் தோலில் ஒட்டிக்கொண்டால், ஈரம் போதுமானதாக இருந்தால், ஏறக்குறைய ஒரு நாளுக்குள் முளைவிட்டு, தோலைக் கரைக்கும் ரசங்களைச் சுரந்தும் முனையால் அழுத்தியும் உள்ளே துளைத்துப் போய், ரத்தத்தில் பெருகி, புழுவைக் கொன்று, அப்புறம் பிணத்தின்மேல் பச்சையாகப் பூத்து மறுபடி வித்தாகிறது. இவ்வளவு காரியமும் நடப்பதற்கு அது கேட்பது சொற்பமே. ஆனால் கேட்பதைக் கேட்டபடி கொடுத்தாக வேண்டும். காற்றில் வைத்துச் சொன்னால், வித்து முளைப்பதற்கு ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வேண்டும். பெரும்பாலான வகைகளுக்கு 25 முதல் 28 டிகிரி வரையிலான உஷ்ணம் உகந்தது, 35-ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும். சித்திரை வெயிலில் போளூர்ப் பக்கம் நிழலிலேயே நாற்பதை நெருங்கும் என்றால், மேல்மண்ணின் கொதிப்பைச் சொல்லவேண்டியதில்லை. இதிலே இன்னொரு சூக்ஷ்மமும் இருக்கிறது. மேல்மண் காயும்போது புழுவும் சும்மா இருப்பதில்லை. ஈரத்தைத் தேடிக் கீழே கீழே இறங்கிவிடுகிறது. பூஞ்சை மேலே வெந்துகொண்டிருக்க, புழு அடியில் குளிர்ச்சியாக இருக்க, இருவரும் சந்திக்கவே சந்தர்ப்பம் இல்லாமற்போகிறது. பொடி செத்துவிட்டது என்று பெரியவர் நினைத்தார். ஒருவேளை அது உயிரோடிருந்தே எதிரியைக் காணாமல் காத்திருந்திருக்கலாம்.

வண்டை எழுப்புவது எந்த மழையோ அதே மழைதான் பூஞ்சையையும் எழுப்புகிறது. அந்த மழைக்கு முன்னால் முந்திக்கொள்ளாமலும், அது தந்த ஈரம் போனபிறகு பிந்திவிடாமலும் இடுவதில்தான் மருந்தின் அளவைவிட அதிக வித்தியாசம் உண்டாகிறது என்பது என் அபிப்பிராயம். பொட்டலத்தின்மேல் ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று அச்சிடுகிறவர்கள், எந்த மழைக்குப் பின் என்பதையும் அதே பெரிய எழுத்தில் அச்சிட்டால் புண்ணியமாகும். கடைக்காரர்களும் கொஞ்சம் தயவு காட்டலாம். குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று உறைமீது எழுதியிருக்க, தகரக் கூரையின்கீழ் உர மூட்டைகளுக்கிடையே அந்தப் பொட்டலங்கள் கோடை முழுதும் அடுக்கிவைக்கப்பட்டிருந்ததை அந்த வட்டாரத்துக் கடையொன்றில் பார்த்தேன்.

பூஞ்சையைக் கொண்டு வண்டைக் கொல்லும் யோசனை புதிதன்று. பிற்காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகோவ், 1879-இல், ஒடெஸாப் பகுதியில் கோதுமையைப் பாழாக்கிய ஒரு வண்டின் புழுக்களில் இந்தப் பச்சை நோயைக் கண்டு, பீர் காய்ச்சும் மாவுக்கூழில் அதை வளர்த்துப் பெருக்கலாம் என்று சொன்னார். சில வருஷங்களுக்குள் கிராசில்ஷிக் என்பவர் ஸ்மேலாவில் சிறிய உற்பத்திச்சாலையே வைத்து, சர்க்கரைக் கிழங்குப் பயிரின் கூன்வண்டுக்கு எதிராக வித்துகளைத் தயாரித்தார். நம் பக்கத்திலும் குறைவில்லை. கோயம்புத்தூர்க் கரும்பு வயல்களில் பூச்சிகளைக் கொல்லும் நூற்புழு ஒன்று அகப்பட்டு, 1992-இல் ஹெட்டெரோராப்டைடிஸ் இண்டிகா என்ற பெயரில் உலகத்துக்கு அறிமுகமாயிற்று. தன் வயிற்றில் சுமந்து செல்லும் பாக்டீரியாவைப் புழுவின் உடலுக்குள் விட்டுக் கொல்லும் அந்த ஜந்துவும், மண் துகள்களுக்கிடையே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் நீந்திப் போக முடியும். இத்தனை காலம் கழிந்தும் ரசாயனத்துக்கு உள்ள மவுசு இந்த உயிர் மருந்துகளுக்கு வராமற்போனதற்கு, ஆகாயத்தைப் பார்த்து வேலை செய்யும் பொறுமையை நாம் இழந்துவிட்டதும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

மறுநாள் மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு காற்றின் சுபாவம் மாறிக்கொண்டே வந்தது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறு டிகிரி உஷ்ணம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஜவ்வாது மலையின் உயரத்துக்கு மூன்று நான்கு டிகிரி தேறும். மனிதனுக்கு அது துண்டைத் தோளிலிருந்து எடுத்துப் போர்த்திக்கொள்ளும் அளவுக்கே வித்தியாசம்; 36-க்கும் 32-க்கும் நடுவில் வாழ்வும் தாழ்வும் அமைந்த பூஞ்சைக்கோ அது முழு ராஜ்யம். புளியமரங்களும், கடுக்காய் மரங்களும், பலாவும், இடையிடையே சாமைக்காக உழுது போட்ட சரிவுகளும் கடந்து ஜமுனாமரத்தூர் வந்து சேர்ந்தபோது, மேகம் தாழ இறங்கி வெயிலை மறைத்திருந்தது.

ஊருக்கு வெளியே மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர் ஒன்றில், வீட்டுக்குப் பின்னால் கத்தரி வைத்திருந்த ஒரு பெண்மணி செடிகளைக் காட்டினார். செம்பழுப்பு முதுகில் கரும்புள்ளிகள் இட்ட வண்டும், முள்முள்ளாக மஞ்சள் உடல் கொண்ட அதன் புழுவும், நரம்பை மட்டும் விட்டுவிட்டு இலையின் பச்சையைச் சுரண்டித் தின்றுவிடுவதால், ஓர் இலையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தியபோது பூவலைத் துணிபோல் அப்பாலிருந்த மலை தெரிந்தது. அவர் தெளித்திருந்தது பவேரியா பேசியானா என்னும் வெள்ளைப் பூஞ்சை. வேரில் இடுவதைக் காட்டிலும் இலையில் தெளிப்பது பன்மடங்கு சங்கடமான காரியம், ஏனென்றால் மண் தரும் பாதுகாப்பு இலைக்கு இல்லை.

“மொதல்ல காலையில பத்து மணிக்கு அடிச்சேண்ணா. வெயிலு தின்னுடுச்சு. இப்ப மாடு கொட்டாய்க்குத் திரும்பற நேரத்துலதான் அடிக்கிறது.”

அவர் சொன்னது அட்சர சத்தியம். சூரிய கிரணத்திலுள்ள புற ஊதாக் கதிர், பூஞ்சையின் வித்துகளைச் சில மணி நேரத்துக்குள் பெரும்பாலும் மாய்த்துவிடுகிறது. அந்தியில் தெளித்தால் வெயில் போய்விடுகிறது, பனி இறங்குகிறது, இரவு முழுதும் முளைப்பதற்கு அவகாசம் கிடைக்கிறது. ஊர்க்காற்று வறண்டிருந்தாலும், இலையின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் ஈரம் தங்குவதால், மானியில் காணும் ஈரப்பதத்தைப் பார்த்து நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. அவர் தெளிப்பானின் நுனியை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்புறத்தை நனைப்பதையும் கவனித்தேன். புழு அங்கேதான் மேய்கிறது. வெயில் அங்கேதான் படுவதில்லை. யாரும் சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டேன். “புழு கீழதான இருக்குது?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மழையோடு உறவு இன்னும் சிக்கலானது. ஈரம் வேண்டும் என்பதற்காக மழைக்கு முன்னால் தெளித்தால், மழை வித்துகளைக் கழுவி மண்ணில் சேர்த்துவிடும். மழை ஓய்ந்து இலையில் நீர் வடிந்தபின், மேகமூட்டம் கலையுமுன், சோப்புக் கரைசலோ எண்ணெயோ கொஞ்சம் சேர்த்துத் தெளிப்பது உத்தமம். நிழல் மரங்களின்கீழ் வளரும் காபிக்கு இந்தத் தொல்லை குறைவு. 1990-இல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட காய்த்துளைப்பான் என்னும் சிறு வண்டை, பருவமழைக் காலத்தின் ஈரத்தில் இதே பவேரியா தானாகவே தொற்றிக் கொல்வதுண்டு. பூஞ்சையை விட்டுப் பாக்டீரியாவுக்குப் போனாலும் சீதோஷ்ணம் பின்தொடர்கிறது. உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டைக் கொல்லவல்ல டெனிப்ரியோனிஸ் என்ற பாசில்லஸ் வகையை 1983-இல் ஜெர்மானியர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். அது தோலைத் துளைக்காது, தின்றால்தான் கொல்லும். ஆகவே காற்றின் ஈரம் அதற்கு அவ்வளவு அவசியமில்லை. ஆனால் குளிர் மிகுந்த நாளில் புழு சரியாகத் தின்பதில்லை, தின்னாத புழு சாவதுமில்லை. அதற்குள் வெயில் வந்து மருந்தைக் கெடுத்துவிடும்.

ஆலங்காயம் போகும் வழியில் காவலூர் வருகிறது. 1968-இல் 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கிய இந்த வானாய்வு நிலையம், கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் சந்தனக் காட்டுக்கு நடுவே இருக்கிறது. இங்கே உள்ள 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986-இல் திறந்துவைக்கப்பட்டது. நிலையத்துக்கு அதை உருவாக்கிய வைனு பாப்புவின் பெயரையே சூட்டினார்கள். வண்டைப் பற்றி எழுத வந்தவனுக்கு நட்சத்திரத்தோடு என்ன பேச்சு என்று கேட்கலாம். வானசாஸ்திரிகள் வேண்டுவது மேகமற்ற, பனியற்ற, வறண்ட இரவு. காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் கண்ணாடியில் நீர் படியும் என்று எந்த வானாய்வுக் கூடத்திலும் குவிமாடத்தை மூடிவிடுவார்கள். அவர்கள் அலுத்துக்கொண்டு படுக்கப் போகும் அந்த இரவுதான், ஒரு கூப்பிடு தூரத்துக் கத்தரிக் கொல்லையில் பவேரியாவுக்குப் பொன்னான இரவு. சித்திரை வைகாசியில் அவர்களுடைய பருவம் முடிகிறது, கொல்லைக்காரர்களுடைய பருவம் தொடங்குகிறது. இன்ன இரவில் ஈரப்பதம் இவ்வளவு என்ற செய்தி குவிமாடத்தை மூடுவதற்கு மட்டுமின்றி, தெளிப்பானை எடுப்பதற்கும் ஊர்தோறும் கிடைக்கத் தொடங்கினால், பொட்டலங்கள் பாதி வீணாகாமல் தப்பும்.

காவலூரிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கினால் மறுபடி உஷ்ணம். ஆனால் வாணியம்பாடிப் பக்கம் தென்னந்தோப்புகள் தொடங்கிவிடுவதால், அது போளூரின் உஷ்ணம் அல்ல. தோப்புக்காரர் ஒருவர், மண்டையில் கொம்பு முளைத்த காண்டாமிருக வண்டைச் சமாளிக்கும் விதத்தைக் காட்டினார். வண்டு தென்னையின் குருத்தைக் குடைகிறது. விரியும் மட்டை கத்தரித்த விசிறியாக வெளிவருகிறது. ஆனால் அதன் புழு வளர்வது எருக்குழியில். எனவே மெட்டாரைசியத்தை மரத்தில் தெளிப்பதில்லை, குழியில் ஊற்றுகிறார்கள். ஒரு கன மீட்டர் எருவுக்கு ஐம்பதாயிரம் கோடி வித்துகள் என்பது கணக்கு; 250 மில்லிலிட்டர் வளர்ப்பை 750 மில்லிலிட்டர் தண்ணீரில் கலந்து தெளித்தால் அவ்வளவும் வந்துவிடும். குழியின்மேல் தென்னங்கீற்று வேய்ந்திருந்தார். அடிக்கடி தண்ணீர் தெளிப்பாராம். கீற்றை விலக்கி எருவைக் கிளறி, கட்டைவிரல் பருமனில் ஒரு புழுவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விறைத்து, உதிராமல், தலைமுதல் வால்வரை பச்சைப்பொடி பூசிக் கிடந்தது. அடுத்த கணமே, “கீத்தை மூடிடலாம் சார், வெயில் படுது” என்றார். போளூர்ப் பெரியவர் மழைக்குக் காத்திருந்தார். மலைநாட்டுப் பெண்மணி வேளை பார்த்தார். இவரோ வானத்தை நம்பாமல் தமக்கு வேண்டிய சீதோஷ்ணத்தைக் குழிக்குள்ளேயே செய்து வைத்துக்கொண்டிருக்கிறார். மூவரிலும் சாமர்த்தியசாலி இவர்தான் என்று சொல்லத் தோன்றிற்று. ஆனால் பல ஏக்கர் மணிலாக் கொல்லையின்மேல் கீற்று வேய்வது யார்?

அவரிடம் இன்னொரு செய்தியையும் சொன்னேன். இதே வண்டுக்கு ஒரு வைரஸ் நோயும் உண்டு. 1960-களில் மலேசியாவில் ஹூகர் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டுபிடித்தார். 1967-இல் சமோவாத் தீவில் அதைப் பரப்பினார்கள். பிற்பாடு நம் லட்சத்தீவுத் தென்னைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. வெட்டவெளியில் விட்டால் அந்த வைரஸ் சீக்கிரமே சக்தி இழந்துவிடும். ஆகையால் அதைப் பொடியாக்கித் தூவுவதில்லை; வண்டுகளைப் பிடித்து நோயைத் தொற்றவைத்துத் திரும்பப் பறக்கவிட்டுவிடுகிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாமல் வண்டின் குடலுக்குள்ளேயே பிரயாணம் செய்யும் நோய், வண்டு போகும் மரத்துக்கும் எருக்குழிக்கும் தானும் போய் மற்ற வண்டுகளைப் பற்றுகிறது. சீதோஷ்ணத்தின் பிடியிலிருந்து இவ்வளவு சுலபமாக நழுவிய மருந்து வேறொன்றை நான் அறியேன். 2007-இல் குவாம் தீவில் தலைகாட்டிய ஒரு வண்டு வகை அந்த வைரஸுக்கு மசியாமற்போனதையும் மறைக்காமல் சொன்னேன்.

தோப்புக்காரர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, குருத்துக்குள் பதுங்கிய வண்டைக் குத்தி எடுக்கும் கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்படின்னா நோய் வந்த வண்டை நான் குத்தக்கூடாது, அது நம்ம ஆளு. நல்லா இருக்கிற வண்டைத்தான் குத்தணும். சரி சார், மரத்துமேல உக்காந்துகிட்டு எது நோயாளின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

பதிலுக்குக் காத்திராமல் கம்பியை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தில் ஏறத் தொடங்கிவிட்டார்.